பெயர் கட்டிய பக்கங்கள்

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
8 செப்டெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் போன் எடுத்தால், அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கறிக்கு உப்புக் கூடியதுவரை எல்லாவற்றையும் தானே சொல்லி முடித்துவிடுகிறார். எனக்கு “நானும் சுகம்” என்பதற்கு மட்டும் இடம் கிடைக்கிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே கதைக்க முடியாது. நாங்கள் இருவரும் சுகம். வடக்கில் இப்போதே குளிர் தொடங்கிவிட்டதா? தாதியர் விடுதியில் சோறு சமைக்க வசதி இருக்கிறதா?

முதல் செய்தி: நான் இப்போது அம்மாவின் உதவியாளர். பாடசாலை முடிந்து வந்ததும் கீழ்த்தள அறையில் அம்மாவின் கணினிக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கிறேன். அம்மா இத்தனை வருடமாக என்ன வேலை செய்கிறார் என்பது இப்போதுதான் எனக்குச் சரியாக விளங்கியது.

இயந்திரங்களுக்கான பழைய கையேடுகளை யாரோ ஒருவர் தன் கண்ணுக்குச் சரியென்று பட்டபடி அமைத்திருப்பார். ஆபத்தானதைச் சிவப்பில் போடுவார், முக்கியமானதைத் தடித்த எழுத்தில் போடுவார், இடம் போதாவிட்டால் ஓரத்தில் ஒரு பெட்டி கீறி அதற்குள் எழுதுவார். பார்க்கிற மனிதருக்கு அது விளங்கும். கணினிக்கு எல்லாம் ஒரே எழுத்துத்தான். விமானத்தில் போகும் பெட்டிக்குச் சீட்டுக் கட்டுவதுபோல, அம்மா ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் கட்டுகிறார். இது தலைப்பு, இது செய்யவேண்டிய படி, இது குறிப்பு, இது எச்சரிக்கை. பெயர் கட்டிய பிறகு நிறமும் வேண்டாம், தடிப்பும் வேண்டாம். சில வேளை எதிர்மாறாகவும் நடக்கும். பெயர் கட்டியதைத் திரும்பவும் அச்சுப் பக்கமாக்கித் தரச் சொல்லி வேலைத்தலங்களில் கேட்பார்களாம்.

இப்போது கையில் இருப்பது தெருப்பனியை உறிஞ்சி லொறிக்குள் வீசும் இயந்திரத்தின் கையேடு. கணினியைப் பார்த்துப் பார்த்து அம்மாவுக்குக் கண் களைத்துவிட்டதாம், அதனால் நான் பழைய பக்கத்தை வாசிக்கிறேன்.

“வினோ, இது தடிச்ச எழுத்தோ?”

“ஓம் அம்மா.”

“என்ன நிறம்?”

“சிவப்பு.”

“எண்டால் எச்சரிக்கை. கட்டு.”

“இல்லை அம்மா, இது சும்மா ஒரு ஆணியின்ர பேர்.”

“ஆணிக்கு ஏன் சிவப்பு உடுத்தவன்? அதுக்குக் கலியாணமோ?”

உங்கள் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் தினமும் பார்ப்பேன். கீழே அம்மாவும் இரண்டு வரி எழுதுகிறார்.

அன்புத் தங்கை,
வினோஜா

*தாட்சா, சுகமாய் இரு. கையுறை போடாமல் வெளியில போகாதே. நேரத்துக்குச் சாப்பிடு. அம்மா.*

---

29 செப்டெம்பர் 2024

அன்பு வினோவுக்கு,

நீயும் அம்மாவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் நல்ல சுகம். உன் கடிதம் விமானத்தில் வந்து, மருத்துவ நிலையத்து மேசையில் மருந்துப் பெட்டிகளோடு கிடந்தது. வேலைக்கு நடுவில் நின்றபடியே வாசித்து, ஆணியின் கலியாணத்துக்குத் தனியாகச் சிரித்தேன்.

இந்த ஊருக்குத் தெரு வழியே கிடையாது. வானம் தெளிந்தால் விமானம் வரும், இல்லாவிட்டால் தபாலும் இல்லை, தக்காளியும் இல்லை. நாங்கள் தாதிகள் மூன்று பேர். டொக்டர் மாதத்தில் சில நாள்தான் வருவார். மற்ற நாட்களில் நாங்களே முடிவெடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. ஆனாலும் பிடித்திருக்கிறது.

உனக்கு மட்டும் சொல்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதானபோது என் படிப்பை இடையில் நிறுத்தினேன். அவர் போகும்வரை கூடவே இருந்தேன். அதற்காக நான் வருந்தவில்லை. ஆனால் நானாகக் கேட்டு, நானாகப் போன முதல் இடம் இதுதான். மார்ச் முடிவுவரை ஒப்பந்தம்.

அம்மாவின் சீனி எப்படி? ஓகஸ்ட் கடைசியில் கண் கிளினிக்குக்குப் போக இருந்தாரே, போனாரா? சீனி வருத்தக்காரர் வருடத்துக்கு ஒருமுறையாவது கண்ணைக் காட்ட வேண்டும். போனில் கேட்டால் “அதெல்லாம் பாத்தாச்சு” என்கிறார். பார்த்தது யார் என்று சொல்கிறார் இல்லை. நீ எழுது.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் அக்கா,
தாட்சாயினி

---

20 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். பாடசாலையில் சோதனைகள் இருந்தன.

நான் இப்போது நன்றாகப் பெயர் கட்டுவேன். நேற்று ஒரு வரிக்காக அம்மாவோடு சண்டை பிடித்தேன். “இயந்திரம் சூடாக இருக்கலாம்” என்று எழுதியிருந்தது. நான் குறிப்பு என்றேன். அம்மா எச்சரிக்கை என்றார்.

“சூடு எண்டு சொல்லுறதுதானே, சுடும் எண்டு சொல்லேல்லையே?”

“உன்ர கையை வைச்சுப் பாக்கட்டோ?”

எச்சரிக்கை என்றே கட்டினோம். பக்கத்து வீட்டுத் தியாகலிங்கம் மாமா பூசணிக்காய் கொண்டுவந்து தந்தார். நவராத்திரிக்கு நானே கடலை அவித்தேன், கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

கிளினிக் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திகதியை மாற்றியிருப்பதாக அம்மா சொல்கிறார்.

அன்புடன்,
வினோஜா

*தாட்சா நான் சுகம் கவலைப்படாதே அம்மா*

---

10 நவம்பர் 2024
(அனுப்பாதது)

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத இன்று எனக்கு மனம் வரவில்லை. நேராகவே எழுதுகிறேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறையில் தொடங்கியது. முதலில் கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் மிதக்கின்றன என்றார். பிறகு இடது கண்ணில் புகை மாதிரி என்றார். கிளினிக் திகதியை மாற்றவில்லை, போன் செய்து வேண்டாமென்று சொல்லிவிட்டார். நான் வாசிப்பது உதவிக்கு அல்ல, அக்கா. அம்மாவால் வாசிக்க முடியாது. தடித்த எழுத்தா, என்ன நிறம் என்று கேட்பது அதற்காகத்தான். போன கடிதத்தில் அம்மா எழுதிய வரிக்கு நான்தான் பேனையைப் பேப்பரில் வைத்துக்கொடுத்தேன்.

சூரன்போருக்கு சென் றெஜி தெரு முருகன் கோயிலுக்குப் போனோம், அம்மாதான் காரை ஓட்டினார். ஐயர் விபூதித் தட்டை நீட்டினார். அம்மா கையைத் தட்டுக்கு இப்பால் காற்றிலேயே நீட்டிக்கொண்டு நின்றார். ஐயர் தட்டைக் கைக்குக் கொண்டுவந்தார். திரும்பி வரும்போது, “வினோ, ஒரு விளையாட்டு விளையாடுவம். லைற் பச்சையோ சிவப்போ எண்டு நீ முதல் சொல்லு பாப்பம்” என்றார். வீடு வரும்வரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் வந்ததும் அக்காவுக்குச் சொல்லப் போகிறேன் என்றேன். அம்மா கதிரையில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவள் ஒருக்கா அப்பாவுக்காகப் படிப்பை விட்டவள். தெரிஞ்சால் அண்டைக்கே விட்டிட்டு வந்திடுவாள். மார்ச் மட்டும் பொறு, மார்ச்சில நானே சொல்லுவன்.”

“நான் பொய் எழுத மாட்டன் அம்மா.”

“பொய் எழுதச் சொல்லேல்லையே, பிள்ளை. இதை மட்டும் எழுதாமல் விடு.”

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மார்ச் தூரமில்லை என்றும் தோன்றுகிறது, அதுவரை பொறுக்க முடியாது என்றும் தோன்றுகிறது.

---

10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க முருகனை வேண்டினோம். சூரன்போருக்குக் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம். பிரசாதம் சக்கரைப்பொங்கலும் வடையும். அம்மா என் வடையையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

கையேட்டில் பாதி முடிந்துவிட்டது. இங்கே இன்னும் பனி கொட்டவில்லை. பனி உறிஞ்சும் இயந்திரத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு பனிக்காகக் காத்திருப்பது வேடிக்கையாக இருக்கிறது.

அன்புடன்,
வினோஜா

---

1 டிசெம்பர் 2024

அன்பு வினோவுக்கு,

நான் சுகம். இருவரும் உடம்பைக் கவனமாகப் பாருங்கள். போன வாரம் புயலுக்குள் ஒரு குழந்தை பிறந்தது. தாயை வெளியூருக்கு அனுப்ப விமானம் இறங்கவில்லை. நானும் இன்னொரு தாதியும்தான் பார்த்தோம். குழந்தை அழுதபோது நானும் அழுதேன். தகப்பன் எனக்கு ஒரு பெரிய உறைந்த மீனைத் தந்தார். தூள் இல்லாமல் எப்படிக் குழம்பு வைப்பதென்று யோசிக்கிறேன்.

இன்னொரு வருடம் நிற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கிறிஸ்மஸுக்கு முன் பதில் சொல்ல வேண்டும்.

வினோ, உன் கடைசிக் கடிதத்தின் கீழே அம்மாவின் வரி இல்லை. அதற்கு முந்தியதில் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அம்மாவின் கையெழுத்து அப்படியிருக்காது. கிளினிக் புதுத் திகதியையும் நீ எழுதவில்லை. நீ எழுதாமல் விட்டது ஏதும் இருக்கிறதா? உன் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் நான் அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா

---

13 டிசெம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகமில்லை. முன்பு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதத்தையும் இதோடு வைக்கிறேன். முதலில் அதை வாசியுங்கள்.

கையேட்டை முடித்து அனுப்பியிருந்தோம். நேற்று அம்மாவின் கம்பனியிலிருந்து றெனோல்ட் என்பவர் வீடியோவில் வந்தார். பக்கங்களைச் சரிபார்ப்பவர் அவர். பாடசாலையில் விடுமுறை என்பதால் நான் கமராவுக்குத் தெரியாமல், ஆனால் திரை எனக்குத் தெரியும்படி மேசையின் ஓரத்தில் நின்றேன்.

ஒரு பக்கத்தின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக, சரித்து எழுதிய ஒரு வரி இருந்ததாம். இயந்திரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே தகடு சுழன்றுகொண்டிருக்கும், கையைப் போடக் கூடாது என்று. அது நாங்கள் அனுப்பியதில் இல்லை. பிழை என்னுடையது, அக்கா. ஓரத்து அலங்காரம் என்று நினைத்து அதை நான் வாசிக்கவில்லை. கண் தெரிந்த அம்மா ஒருபோதும் விட்டிருக்க மாட்டார். அச்சுக்குப் போகமுதல் றெனோல்ட் கண்டுபிடித்ததால் யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

“மதாம் நகுலேஸ்வரன், பக்கத்தைக் காட்டுகிறேன், வலது ஓரத்தைப் பாருங்கள்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தன் திரையைக் காட்டினார். அவசரத்தில் வேறு எதையோ திறந்துவிட்டார். அலுவலகத்து நத்தார் விருந்துக்கான அழைப்பு. சிவப்பு மூக்கு மான் ஒன்றும் நட்சத்திரங்களும். நான் கையை ஆட்டினேன். அம்மாவுக்கு என் கையும் தெரியவில்லை.

அம்மா திரைக்குக் கிட்டக் குனிந்து, தலையாட்டி, பிரெஞ்சில் சொன்னார்: “ஓம், பார்க்கிறேன். வலது ஓரத்தில் இருக்கிறது. என் தவறு. இன்றே திருத்துகிறேன்.”

றெனோல்ட் அந்த மானைத் திரையிலிருந்து எடுத்தார். பிறகு மெதுவாக, “இன்று வேலை போதும், மதாம். ஓய்வெடுங்கள்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

“மனுசன் கோவிக்கேல்லை, என்ன?” என்றார் அம்மா.

“அம்மா, அது மான்.”

“என்ன மான்?”

“அவர் காட்டினது. நத்தார் விருந்துக் கடதாசி.”

அம்மா சிரிக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தார்.

நேற்றே உங்கள் நிலையத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு பெண் எடுத்து, நீங்கள் நோயாளி ஒருவரின் வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். ஏதும் சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லையென்று சொல்லி வைத்துவிட்டேன். ஞாயிறு போனில் அம்மா பக்கத்தில் இருப்பார். இது கிடைத்ததும் நீங்களே கிளினிக்குக்குக் கதையுங்கள். நான் சொன்னால் கேட்கிறார் இல்லை. தயவுசெய்து வாருங்கள்.

வினோ

---

20 டிசெம்பர் 2024

அன்பு வினோவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? இங்கே ஒரு வாரமாகப் புயல். விமானம் இல்லை, தபால் இல்லை. உன் பதிலும் எங்கேயோ ஒரு விமான நிலையத்தில் குளிரில் கிடக்கும். ஆகவே ஞாயிறு அம்மாவிடமே கேட்டேன். கிளினிக்குக்குப் போய்வந்ததாகவும், எல்லாம் சரியென்று சொன்னதாகவும் சொன்னார். “நல்ல பிள்ளை, நில்லு, இன்னும் ஒரு வருசம் நிண்டு பார்” என்றார். நீயும் “சுகம்” என்றாய். குரல் சின்னதாக இருந்தது, தடிமனாக்கும் என்று நினைத்தேன்.

நேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொரு வருடம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கோடையில் நீ இங்கே வா, படகில் கூட்டிப்போகிறேன்.

அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம் கொடு.

அக்கா

---

26 ஜனவரி 2025

அன்பு வினோவுக்கு,

நான் திரும்பவும் வடக்குக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். அம்மா எப்படி? கண்ணுக்கு மருந்தை நேரத்துக்கு விடுகிறாயா? தியாகலிங்கம் மாமி மத்தியானத்தில் தவறாமல் வருகிறாரா?

உன் டிசெம்பர் 13 கடிதத்தை நேற்றுத்தான் வாசித்தேன். நத்தார் முதல்நாள் நீ போனில் அழுதபடி, அம்மாவின் வலது கண்ணுக்கு முன்னால் திரை விழுந்துவிட்டது என்று சொன்னபோது அது இன்னும் இங்கே வந்திருக்கவில்லை. எனக்கு விமானம் கிடைத்த நாளில் அது வந்திருக்கிறது. நான் ஏறிய விமானத்திலிருந்து அதை இறக்கியிருக்கிறார்கள். ஒரு மாதமாக என் பெட்டிக்குள் கிடந்தது.

நான் வந்து சேரும்போது சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. இடது கண் இனி இல்லை என்றும், வலது கண்ணில் வெளிச்சமும் இருளும் தெரிந்தால் அதுவே பெரிது என்றும் டொக்டர் சொன்னபோது நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்க்கவில்லை. வீட்டில் நின்ற நாளெல்லாம் உன்னோடு சமையல், மருந்து தவிர வேறு கதைக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் கோபம்தான். சில மாதம் முந்திப் போயிருந்தால் லேசர் போட்டு ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் நான் ஒரு தாதி, வினோ. ஏறிக் கிடந்த எழுத்துகளைப் பார்த்த அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியத்தான் தெரிந்தது. அன்றே கிளினிக்குக்கு ஒரு போன் எடுத்திருக்கலாம். அதை விட்டுவிட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கடிதத்தில் கேட்டேன். நீ “சுகம்” என்று சொன்னால் நான் இங்கே நிற்கலாம் என்பதால் உன்னிடம் கேட்டேன்.

அடுத்த வருடத்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கேட்டிருக்கிறேன். மார்ச் முடிய வந்துவிடுவேன். அம்மா இன்று போனில், “யன்னல் வெளிச்சம் தெரியுது, நீ நில்லு” என்றார். அது உண்மையாயிருந்தால் எனக்கு அது போதும்.

உன் அக்கா,
தாட்சாயினி

---

20 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் உடம்பைப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழும்பிவிட்டேன்.

இங்கே பனி மலைபோலக் குவிந்துவிட்டது. எங்கள் தெருவுக்கும் அந்த இயந்திரம் வந்தது. அம்மா சத்தத்தைக் கேட்டு, “இப்ப சுழல் தகடு வேலை செய்யுது, இப்ப குழாயைத் திருப்புறான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் சரி.

றெனோல்ட் வீட்டுக்கே வந்தார். கேக் கொண்டுவந்தார். கணினியில் எழுத்தை வாசிக்கும் குரலை அவரே பொருத்திக் காட்டினார். பழைய கையேட்டைக் கொடுத்தால் அந்தக் குரல் தலைப்பையும் பக்க இலக்கத்தையும் எச்சரிக்கையையும் ஒன்றாகக் குழைத்து வாசிக்கிறது. நாங்கள் பெயர் கட்டியதைக் கொடுத்தால், ஒரு விசையைத் தட்டத் தலைப்பிலிருந்து தலைப்புக்கும், இன்னொன்றைத் தட்ட எச்சரிக்கையிலிருந்து எச்சரிக்கைக்கும் போகிறது. அம்மா அதோடு சண்டை பிடிக்கிறார். “மூச்சு விட்டு வாசியடி, ஆரும் துரத்தினவையே?” என்கிறார். ஆனாலும் தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டுச் சரிபார்க்கும் வேலை ஏதும் இருக்குமா என்று கம்பனியில் விசாரிப்பதாக றெனோல்ட் சொன்னார். வாக்குக் கொடுக்கவில்லை.

தியாகலிங்கம் மாமி தவறாமல் வருகிறார். மருந்தை நான் விடுகிறேன்.

அன்புத் தங்கை,
வினோஜா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு எழுதுகிறேன். இதை அம்மாவிடம் கேட்காமல் எழுதுகிறேன், நீங்கள் மார்ச் முடிவுக்குக் காத்திருக்க வேண்டுமா என்று இதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இன்று பஸ் பிந்திவிட்டது. வீட்டுக்கு வரும்போது பொழுது மங்கிவிட்டது. கீழ்த்தளத்தில் குரல் வாசித்துக்கொண்டிருந்தது. நான் படியில் இறங்கி, சுவரில் இருந்த ஆளியைச் சத்தமில்லாமல் அமத்தி விளக்கைப் போட்டேன். நேராக அம்மாவின் முகத்தில் வெளிச்சம் பட்டது. அம்மா திரும்பவில்லை. இமை அசையவில்லை. பையை நான் கீழே வைத்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

“வந்திட்டியே? ஏன் பிள்ளை இருட்டுக்குள்ள நிக்கிறாய்? லைற்றைப் போடன்.”

“போடுறன் அம்மா” என்று சொல்லி, அம்மாவுக்குக் கேட்கும்படியாக ஆளியைச் சத்தமாக அமத்தினேன்.

“ம், இப்ப நல்ல வெளிச்சம்” என்றார் அம்மா. “அக்காவுக்கு எழுதேக்கை இதையும் எழுது.”

எழுதிவிட்டேன். அப்போது விளக்கு அணைந்திருந்தது.